பென்சில்காரரும் மனைவியின் கன்னமும்

பூங்கா பெஞ்சில் சாயங்காலம் கூடும் கிழவர்களுக்கு எப்போதும் ஒரே பேச்சுதான். அப்போதே அப்படிச் செய்திருக்கலாம், இப்படிச் செய்யாமல் இருந்திருக்கலாம். ஒருவர் முடிப்பதற்குள் இன்னொருவர் தன் மூட்டையை அவிழ்ப்பார். பென்சில்காரர் மட்டும் காலாட்டியபடி கேட்டிருந்துவிட்டு, "எனக்கு அந்தக் குறையெல்லாம் கிடையாதுப்பா. இந்த ஊர்ல யார் முகத்தையும் நான் கெடுத்ததில்ல" என்பார். மற்றவர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் சொன்னது பொய்யில்லை. போட்டோ ஸ்டூடியோவின் பின்னறையில் உட்கார்ந்து, நெகடிவில் பென்சிலும் பிளேடுமாக முகங்களைச் சீர்செய்வதுதான் அவர் ஆயுசு முழுக்கப் பார்த்த வேலை. பரு, மச்சம், அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே தொங்கும் பை என்று எதையும் விட்டுவைக்க மாட்டார். காதில் செருகிய பென்சில் சாப்பிடும்போதுகூட இறங்காது. படத்தை வாங்கிப் பார்ப்பவர்கள் "நானா இது?" என்று வாய் பிளப்பார்கள். மனுஷருக்கு அன்று முழுக்கத் தலைகால் புரியாது.

அவர் மனைவிக்குக் கன்னத்தில் ஒரு தழும்பு. சின்ன வயதில் கதவு விளிம்பில் மோதிக் கிழிந்தது. சிரித்தால் அந்த இடம் மட்டும் லேசாக உள்ளே இழுக்கும். ஊரார் முகத்தையெல்லாம் துடைத்தவர் சொந்தப் பெண்டாட்டி முகத்தைச் சும்மா விடுவாரா? அடுத்தவர் படத்துக்கு ஒரு பங்கு நேரமென்றால் அவள் படத்துக்கு நாலு பங்கு. பாவம், அன்பை வேறு எப்படிக் காட்டுவதென்று அவருக்குத் தெரியாது. அவளும் வாங்கிப் பார்ப்பாள், "நல்லாருக்கு" என்பாள், உள்ளே கொண்டுபோய் வைத்துவிடுவாள்.

போன மாதம் அவள் போய்ச் சேர்ந்தாள். கூடத்தில் மாட்ட ஒரு படம் வேண்டுமென்று மகள் வந்தாள். அவர் ஆசையாகப் படப் பெட்டியைத் தூக்கி வந்து கட்டிலில் பரப்பினார். மகள் ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தாள்.

"இதுல எல்லாம் அம்மா எங்கப்பா? யாரோ மாதிரி இருக்கு. ஒண்ணுலயாவது அந்தத் தழும்பை விட்டுவைக்கலையா?"

மகளிடமும் படம் இல்லை. செல்போனைத் தூக்கினாலே அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள், இல்லாவிட்டால் கையால் மறைத்துக்கொள்வாள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

இவ்வளவுதானா என்றிருந்தது பென்சில்காரருக்கு. தழும்பை எடுக்கத் தெரிந்தவனுக்குப் போடத் தெரியாதா? கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பழைய தூரிகையை நனைத்து, ஒரு படத்தின் மேல் குனிந்தார். மகள் சட்டென்று அவர் கையைப் பிடித்தாள்.

"அந்தக் கன்னம் இல்லப்பா. வலது கன்னம்."

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கூடவே வாழ்ந்தவனுக்குத் தெரியாதா என்று எரிந்து விழுந்தார். சின்ன வயதில் அதைத் தடவிக்கொண்டேதான் தூங்குவேன் என்றாள் மகள். அவர் தூரிகையைக் கீழே வைத்தார். கண்ணை மூடி மனைவியை நினைத்துப் பார்த்தார். வந்தது நெகடிவ்தான். கறுத்த பல், வெளுத்த தலைமுடி, இடம் வலமாய்ப் புரண்ட முகம். அவர் உற்றுப் பார்த்ததெல்லாம் அந்த முகத்தைத்தான். எதிரே உட்கார்ந்து சோறு போட்டவளை ஒருநாளும் அப்படிப் பார்க்கவில்லை.

ஒரே ஒரு படமாவது எங்கேயாவது இருக்காதா என்று மச்சினிக்குப் போன் போட்டார்.

"ஒண்ணு இருக்கு அத்தான். அக்கா உங்களுக்குத் தெரியாம வேற ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்துக்கிட்டா. என் முகத்தோட எனக்கு ஒண்ணு இருக்கட்டும்னு சொன்னா. அவ துணி அலமாரியில பாருங்க."

மகள் ஓடினாள். பென்சில்காரர் போனை வைத்த இடத்திலேயே நின்றார். வேறு ஸ்டூடியோ என்ற சொல் உள்ளே எதையோ கிளறியது.

மடித்த துணிகளுக்கு அடியிலிருந்து மகள் ஒரு உறையைக் கொண்டுவந்து பிரித்தாள். பளபளவென்ற தாளில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். கன்னம் வழுவழுவென்றிருந்தது.

"இதுலயும் இல்லையேப்பா."

இருக்காது. அவருக்கு இப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. முன்பொருநாள் அவள் அலமாரியில் துணி எடுக்கப் போனபோது இந்தப் படம் கையில் அகப்பட்டது. எங்கே எடுத்தாய் என்றுகூட அவர் கேட்கவில்லை. தழும்பை அப்படியே விட்டிருக்கிறானே, வேலை தெரியாத பயல் என்று சிரித்தார். அங்கேயே உட்கார்ந்து, பிளேடு முனையால் சுரண்டி, மை தொட்டு நிரவி, ஊதிக் காயவைத்து அவளிடம் நீட்டினார். அவள் வெகுநேரம் பார்த்தாள். அப்புறம்தான் "நல்லாருக்கு" என்றாள்.

அவர் படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். தாள் முழுக்க மினுங்கியது. வலது கன்னத்தில் மட்டும், பிளேடு பட்ட இடம் நீளவாக்கில் மங்கிக் கிடந்தது.

"ஒரு முகத்தைக் கெடுத்துட்டேன்மா" என்றார்.

மகள் அவர் கையிலிருந்து அதை வாங்கினாள். படத்தை மடியில் வைத்துக்கொண்டு, அந்த மங்கிய இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.