நோகாவின் தலையசைப்பு

என் அம்மா ரெய்னா போவாஸ், ஆம்ஸ்டர்டாமில் எங்கள் யூதப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். ஒரு வாக்குவாதத்தில் அவள் தன் கட்சியைத் தானே தோற்கடித்த கதை எங்கள் ஜெப ஆலயத்தில் சிரிப்போடு சுற்றுகிறது. அதில் பாதிதான் சரி. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, அடுத்து என்னவென்று தெரியாமல் வீட்டில் வளையவரும் எனக்கு மீதிப் பாதியும் தெரியும்.

எங்கள் பள்ளியில் யாரும் தனியாகப் படிப்பதில்லை. எங்கள் வேதமான தோராவைப் படிப்பதென்றால் இரண்டு பிள்ளைகள், நடுவில் ஒரு புத்தகம், ஓயாத வாக்குவாதம். அதற்கு ஒரே ஒரு விதி. எதிரில் இருப்பவரை மறுப்பதற்கு முன்னால் அவருடைய கருத்தை நீ சொல்ல வேண்டும். அவர் தலையசைத்தால்தான் உன் முறை. இல்லையென்றால் மறுபடி சொல்ல வேண்டும். சத்தமில்லாத வகுப்பைக் கண்டால் அம்மாவுக்குப் பயம். யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைப்பாள்.

ஜோடிகளை அம்மா ஆண்டுத் தொடக்கத்தில் சேர்ப்பாள், கோடை விடுமுறைவரை பிரிக்கமாட்டாள். எந்தப் பெற்றோர் வந்து அழுதாலும் சரி. அவள் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் ஒரே விஷயம் அதுதான்.

சென்ற இலையுதிர்காலத்தில் நோகா ஸ்வார்ட்ஸ் நான்காம் வகுப்புக்கு டீச்சராக வந்தாள். அம்மாவைவிட வயதில் இளையவள், ஆன்ட்வெர்ப்பிலிருந்து வந்தவள். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து பாடம் நடத்தினாள். ஒரு மாதத்துக்குள் பெற்றோர்கள் வாசலில் அவளுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார்கள். அம்மா சாப்பாட்டு மேசையில் அவள் பெயரைச் சொல்லமாட்டாள். "அந்தப் பொண்ணு" என்பாள். அந்தப் பொண்ணு சுட்ட வெள்ளிக்கிழமை ரொட்டி மிருதுவாக இருந்ததாம், அவளுக்கு யாரோ படம் வரைந்து கொடுத்தார்களாம். ஒருநாள் அம்மாவும் வகுப்பில் தரையில் உட்கார்ந்து பார்த்தாள். முழங்கால் பிடித்துக்கொண்டது. இரண்டு பையன்கள் தூக்கிவிட்டார்களாம். அதை எங்களிடம் சொன்னவள் அவள் இல்லை. அந்தப் பையன்களில் ஒருவனுடைய அக்கா.

ஜூன் மாதத்தில் நோகா, ஜோடிகளை மாதாமாதம் மாற்ற வேண்டும் என்று தலைமையாசிரியர் ட்ரூக்கரிடம் கேட்டாள். தன் வகுப்புக்கு மட்டுமல்ல, பள்ளி முழுவதற்கும். ஆசிரியர் கூட்டத்தில் பேசி முடிவெடுக்கலாம் என்றார் அவர்.

கூட்டத்தன்று காலை அம்மா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே தான் பேசப்போவதை ஒத்திகை பார்த்தாள்.

"அவ கட்சிய ரெண்டு வரியில முடிச்சிடுவேன். அதுக்கு மேல அதுல என்ன இருக்கு?" என்றாள்.

"ரெய்னா, அந்த ரொட்டி என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் அப்பா. ரொட்டியில் ஓட்டை விழுந்திருந்தது.

கூட்டத்திலும் அதே விதிதான். நோகா முதலில் அம்மாவின் பக்கத்தைச் சொன்னாள். அம்மா அதை எங்களிடம் பலமுறை திருப்பிச் சொல்லியிருக்கிறாள், ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு: "ரெய்னா நெனக்கிறது இதுதான். பிடிக்காதவங்கள விட்டு ஓட வழி இல்லன்னாத்தான் அவங்ககிட்டப் பேசக் கத்துக்குவோம். வருஷம் நீளமா இருக்கறதுதான் பாடமே."

அம்மா தலையசைத்தாள். வேறு வழியில்லை. இத்தனை காலம் அவள் பெற்றோர்களிடம் சுற்றி வளைத்துச் சொன்னதை அந்தப் பெண் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

பிறகு அம்மாவின் முறை. பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டாமல் இருக்க நோகா ஜோடியை மாற்றச் சொல்கிறாள் என்றாள். நோகா மரியாதையாகத் தலையை ஆட்டி மறுத்தாள்.

"அது இல்ல ரெய்னா. இன்னொரு தடவ சொல்லுங்க."

மற்ற டீச்சர்கள் காபிக் கோப்பைக்குள் பார்த்தார்கள். அம்மாவுக்குக் காது சிவந்துவிட்டது. நோகாவுக்கு ஒரே முயற்சியில் வந்தது தனக்கு வரவில்லை. அந்த நிமிடத்தில் ஜோடியும் மறந்தது, ஆண்டும் மறந்தது. நோகாவின் பக்கத்தை நோகாவைவிட நன்றாகச் சொல்லிக் காட்டுவது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

அப்போதுதான் அவளுக்குத் திர்ட்சாவின் ஞாபகம் வந்தது. திர்ட்சா அவள் வகுப்புப் பெண், மெதுவாகப் பேசுபவள். ஆண்டு முழுக்க யோயல் என்ற வாயாடிப் பையனோடு உட்கார்ந்திருந்தாள். அவன் கருத்தை அவள் அழகாகச் சொல்வாள், அவன் தலையசைப்பான். அதற்குப் பிறகு தன் முறை வரும்போது திர்ட்சா வாயே திறப்பதில்லை. அம்மா அதை அமைதியான குணம் என்று நினைத்திருந்தாள். அந்தக் கூட்டத்தில், தன் வாயாலேயே, அது அப்படி இல்லை என்று சொன்னாள். ஒரு குழந்தை அடுத்தவன் பேச்சைத் தூக்கிச் சுமந்து சுமந்து தனக்கென்று பேச்சு இல்லாமல் போகலாம். வேறொருவரோடு உட்கார்ந்தால்தான் அது தெரியும். ஆண்டு முடிந்தபின் தெரிந்து என்ன பயன்?

நோகா தலையசைத்தாள்.

"இத நானே இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள்.

இப்போது அம்மா மறுக்கலாம் என்றார் ட்ரூக்கர். அம்மா தன் முறையை விட்டுக்கொடுத்தாள். மாதாமாதம் ஜோடி மாறும் என்று முடிவானது.

ஜெப ஆலயத்தில் சொல்லும் கதை இங்கே முடிந்துவிடும். வீட்டில் அப்பாவும் சிரித்தார். பேச்சில் ஜெயித்தது நீதானே என்றார். அம்மா கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றாள்.

"அவ மட்டும் மொதத் தடவயே தலையாட்டித் தொலச்சிருந்தா, எனக்குத் திர்ட்சா ஞாபகமே வந்திருக்காது" என்றாள். எரிச்சலா, பயமா என்று எனக்குத் தெரியவில்லை.

புதிய முறை அடுத்த கல்வியாண்டில்தான் தொடங்க வேண்டும். ஆனால் அம்மா மறுநாள் காலையே யோயலை எழுப்பி வேறிடத்தில் உட்காரவைத்து, திர்ட்சாவின் எதிரே இன்னொரு பெண்ணைக் கொண்டுவந்தாள். அந்த வாரம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வாரம் ஒருநாள் திர்ட்சா எதிரில் இருந்தவளிடம், "நீ சொன்னத நான் சொல்லிட்டேன். இப்ப நான் சொல்றதக் கேளு" என்று வகுப்பே திரும்பிப் பார்க்கும்படி சொன்னாளாம்.

அன்று மாலை அம்மா அதை இரண்டு முறை சொன்னாள். பிறகு தட்டுகளை எடுத்து வைக்கிற வேகம் கூடியது.

"என்னம்மா? நல்லதுதானே நடந்துச்சு?" என்றேன்.

"வகுப்புக் கதவு திறந்து கெடந்துச்சு. அந்தப் பொண்ணு அந்த வழியாப் போனா. எல்லாத்தையும் பாத்துட்டா."

"பாத்துச் சிரிச்சாளா?"

"இல்ல," என்றாள் அம்மா. "சிரிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். திர்ட்சாவுக்காகச் சந்தோஷப்பட்டா."