கமிட்டி வரும் நாளில் வராதீர்கள்

தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு மீன் கடைகளைத் தாண்டி வந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து காய்க்கடைக்காரர், "ஆன்ட்டிஜி, சப்பல்" என்று கூப்பிட்டார். திரும்பிப் பார்த்தால் என் வலது செருப்பு அவர் கடை வாசலிலேயே கிடக்கிறது. மழை ஈரம் ஊறிய தரையில் வெறுங்காலோடு அவ்வளவு தூரம் நடந்திருக்கிறேன். காலுக்கு அது தெரியவே இல்லை.

வீட்டில் சொன்னபோது என் கணவர், "நாளைக்கு உன் காலயே மறந்து வச்சிட்டு வந்துருவே" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

மறுநாள் காலை பால் பாக்கெட் எடுக்கக் குனிந்தவள் எழுந்திருக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மாலைக்குள் இடுப்புக்குக் கீழே எதுவும் என் பேச்சைக் கேட்கவில்லை. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸின் மாடிப்படியில் பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்காலியோடு என்னைத் தூக்கி இறக்கினார்கள். அமைச்சகத்தில் அசிஸ்டென்டாக இருபது வருஷத்துக்கு மேல் எல்லோரையும் விரட்டி வேலை வாங்கியவள், பொட்டலம் போல ஆம்புலன்ஸில் ஏறினேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, சமீபத்தில் வயிறு கெட்டதா என்பது. கெட்டிருந்தது. மழைக்காலத்தில் தில்லியில் யாருக்குக் கெடவில்லை? அந்தக் கிருமியை எதிர்க்கக் கிளம்பிய சக்தி, ஆள் மாறிப்போய் என் நரம்புகளையே தாக்கியிருக்கிறது என்றார். கில்லன் பாரே நோய்க்குறி (உடலின் எதிர்ப்புச் சக்தி நரம்புகளின் மேலுறையைச் சிதைக்கும் நிலை) என்று அதற்குப் பெயர். இம்யூனோகுளோபுலின் (நன்கொடை இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்புப் புரதம்) ஏற்றினார்கள். மூச்சுவரைக்கும் போகாமல் நோய் நின்றுவிட்டது. அதற்கு நான் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல், ஜன்னல் வழியே தெரிந்த வேப்பமரத்துக்குக்கூடச் சொன்னேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன். இதே நோயோடு படுத்தபடி இதைப் படிப்பவர்களுக்கும் அது வேண்டியிருக்கும். "நரம்பு பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். அது வரும்வரை மூட்டும் தசையும் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. பயிற்சியை ஒரேயடியாகச் செய்யக் கூடாது, களைத்தால் பின்னடைவு வரும். காலையில் கொஞ்சம், ஓய்வு, மதியம் கொஞ்சம். முதல் சில மாதங்கள் முக்கியம்."

வீட்டுக்கு அருகில் ஒரு சிறிய அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. பெயர் வேண்டாம். அதன் பிசியோதெரபி கூடத்தில்தான் என் இரண்டாவது வாழ்க்கை தொடங்கியது. ஒரு ஜோடி நடைக் கம்பிகள், நான்கைந்து மெத்தைகள், தோளைச் சுழற்றிப் பழகச் சுவரில் ஒரு சக்கரம், பெயின்ட் உதிர்ந்த ஒரு கண்ணாடி. கூடத்தின் தலைவர் சர்மாஜி, ஓய்வுக்குப் பக்கத்தில் இருப்பவர். அவருக்குக் கீழே ஒப்பந்தத்தில் வேலை பார்த்த மூன்று இளம் பிசியோதெரபிஸ்டுகள். அவர்களில் ஹரியானாப் பெண் நேஹா என்னை எடுத்துக்கொண்டாள்.

பக்கத்து மெத்தையில் பூங்கொடி. கள்ளக்குறிச்சிப் பக்கம். வீட்டு வேலை செய்கிறவள். பஸ்ஸிலிருந்து விழுந்து கையின் நரம்பு நசுங்கி, ரிஸ்ட் டிராப் (மணிக்கட்டு தூக்க முடியாமல் தொங்கிப்போதல்) ஆகியிருந்தது. முதல் நாளே, "இன்னாக்கா, உனுக்குக் காலு, எனுக்குக் கையி. ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு ஆளு" என்றாள். என் குடும்பத்தில் யாரும் அதுவரை என்னிடம் அப்படிப் பேசியதில்லை. எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

ஒரு மதியம் நேஹா என் இடது காலின் கட்டைவிரலைத் தொட்டு, வழக்கம்போல், "ஹிலாவோ மீனாஜி, ஹிலாவோ" என்றாள். அசையுங்கள், அசையுங்கள். நானும் வழக்கம்போல் மனசால் தள்ளினேன். விரல் அசைந்தது. துளிதான், ஆனாலும் அசைந்தது. நேஹா என் முகத்தைப் பார்த்தாள். "மறுபடி" என்றாள். மறுபடியும் அசைந்தது. கூடமே என் காலைச் சுற்றி வந்து நின்றுவிட்டது. பூங்கொடி தொங்கும் கையோடு கைதட்டப் பார்த்து, முடியாமல் தன் தொடையில் தட்டினாள். பிரசவ வார்டில்கூட எனக்கு அத்தனை சந்தோஷம் வந்ததில்லை. அன்று வீட்டுக்கு வந்து, கணவர் சாப்பிட உட்கார்ந்ததும் தட்டுக்குப் பக்கத்தில் காலைக் கையால் தூக்கி வைத்து விரலை அசைத்துக் காட்டினேன். அவர் முகம் சுளிக்கவில்லை. சோற்றை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒன்று திரும்பி வந்தது. கணுக்கால், பிறகு முழங்கால். காலையில் கண் விழித்ததும் இன்று எது வந்திருக்கிறது என்று போர்வைக்குள் தேடுவேன். நோய்வாய்ப்பட்டவள் இத்தனை ஆர்வமாக விடியலுக்குக் காத்திருக்க முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஒரு திங்கட்கிழமை நேஹா இல்லை. மற்ற இருவரும் இல்லை. இந்த வருஷ ஒதுக்கீடு குறைந்துவிட்டது, ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை என்றார் சர்மாஜி. அவர் ஒருவரே எல்லோரையும் பார்க்க வேண்டும். மதியத்துக்கு மேல் வார்டுகளில் படுத்திருப்பவர்களிடம் போயாக வேண்டும். அதனால் பன்னிரண்டு மணிக்குக் கூடத்துக்குப் பூட்டு.

சிக்கன நடவடிக்கை என்ற சொல்லை நான் அலுவலகத்தில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். படிக்க ஒழுங்காக இருக்கும். பொறுப்பான வீட்டுக்காரர் விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பது போல ஒரு தோரணை அதில் உண்டு. யார் இன்னும் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்காமலே விளக்கை அணைக்கிறார்கள் என்பது, நான் உள்ளே உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது. காலைக் கூட்டத்தில் என் முறை வருவதற்குள் பெஞ்சில் உட்கார்ந்தே களைத்துப்போவேன். மதியம் கிடையாது. இரண்டு வாரத்தில் என் வலது பாதம் முன்பைவிட அதிகமாகத் தொங்கியது. குதிகால் தசைநாண் இறுகத் தொடங்கிவிட்டது என்றார் சர்மாஜி. இப்படியே இறுகினால் நரம்பு திரும்பி வந்தாலும் கால் நேராகாது என்பதை அவர் சொல்லவில்லை. நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அன்றுதான் முதல்முறையாக, நான் நடக்காமலே போய்விடலாம் என்று பயந்தேன்.

அப்போது அடுத்த செய்தி வந்தது. கூடத்தை மூடி, கருவிகளை நகரின் மறு கோடியிலிருக்கும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியோடு இணைத்துவிடலாமா என்று பார்க்க ஒரு கமிட்டி வருகிறது. காரணம், மதிய நேரத்தில் நோயாளிகளே வருவதில்லையாம். பூட்டிய அறைக்குள் நோயாளி எப்படி இருப்பார் என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது.

ஆனால் என்னைக் கொதிக்கவைத்தது கமிட்டி அல்ல, சர்மாஜிதான். அந்த மனிதர் கூடத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று உயிரைக் கொடுத்து உழைத்தார். தானே நின்று சுவருக்கு வெள்ளை அடிக்கவைத்தார், கம்பிகளைத் துடைத்தார், எங்கிருந்தோ பூந்தொட்டிகள் கொண்டுவந்தார். எல்லாம் முடிந்ததும் எங்களிடம் வந்து, கைகூப்பாத குறையாக, "கல் மத் ஆயியே" என்றார். நாளைக்கு வராதீர்கள். கமிட்டி வரும்போது கூட்டம் இருந்தால் நன்றாக இருக்காது.

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் அலுவலகத்திலும் அதுதான் வழக்கம். இன்ஸ்பெக்‌ஷன் என்றால் பூந்தொட்டி உள்ளே வரும், பொதுஜனம் வெளியே போகும். அரசாங்க வேலையில் வளர்ந்த யாருக்கும் காலி அறைதான் அழகான அறை. நோயாளிகளும் தலையாட்டிவிட்டுக் கிளம்பினார்கள். நானும்கூட, "அச்சா, அச்சா" என்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் டீ குடிக்கும்போதுதான் சுரீரென்று உறைத்தது. ஆள் வருவதில்லை என்று சொல்லி மூட வருகிறவர்களுக்கு, ஆளே இல்லாத கூடத்தைக் காட்டப் போகிறோம்.

உடனே பூங்கொடிக்குப் போன் செய்தேன்.

"வர வேணாம்னு சொல்லிட்டாங்களேக்கா. நானும் செரின்னுட்டேன்."

"நீ வா. உனக்குத் தெரிஞ்சவங்க எல்லாத்தயும் கூட்டிட்டு வா. சக்கர நாற்காலி, கட்டை, பெல்ட்டு எல்லாத்தோடயும் வரச் சொல்லு."

"பிரச்சன பண்ணப் போறமாக்கா?"

"ஒரு பிரச்சனையும் இல்ல. தினம் செய்யுத எக்ஸர்சைஸைத்தான் செய்யப் போறோம்."

"ஏறி வரதுக்கு பஸ்ஸு எனுக்குக் கெடைக்கும், உனுக்குத்தான் ஆளு வேணும். பாத்து வந்துடு" என்று வைத்துவிட்டாள்.

ஆள் என்றால் என் கணவர். அவர் ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். காற்று வேண்டுமென்றாலும் முறைப்படி மனு போட்டுத்தான் வாங்க வேண்டும் என்று நினைக்கிறவர்.

"சும்மா இரி. கமிட்டி முன்னாடி போயி நின்னா என்ன நினைப்பாங்க? நானும் கவர்மென்ட்லதானே இருக்கேன். ஒரு ரெப்ரசன்டேஷன் எழுதித் தாரேன், ப்ராப்பர் சேனல்ல போகட்டும்."

"அது போயி வருததுக்குள்ள என் கால் காய்ஞ்சி போயிரும். நீங்க வராட்டா இருங்க. நான் தவழ்ந்து போறேன்."

அவர் எழுந்து போய் மறுநாளைக்கு லீவு சொன்னார்.

காலையில் ஆஸ்பத்திரி வாசலில் என் சக்கர நாற்காலியைக் காவலர் நிறுத்தினார். ஆஜ் நஹீ. இன்றைக்கு இல்லை. எங்களுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். பக்கவாதம் வந்த சர்தார்ஜி, இடுப்பு உடைந்த கட்டிடத் தொழிலாளி, முதுகுப் பட்டை போட்ட கல்லூரிப் பெண். கடைசியில் பூங்கொடி, அவளுடைய காலனியிலிருந்து ஏழெட்டுப் பேரோடு வந்தாள். சத்தம் கேட்டுச் சர்மாஜி வெளியே வந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

நான் என் ஆபீஸ் இந்தியில் சொன்னேன்: "சர்மாஜி, கூடம் காலியாக இருந்தால் அது யாருக்கு வசதி?"

அவர் பூந்தொட்டிகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு காவலரிடம், "ஆனே தோ" என்றார். வரட்டும். அவரே என் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினார். கணவருக்குத் தள்ளும் வேலை போய்விட்டது.

கமிட்டியில் மூன்று பேர். பேசியவர் ஓர் அம்மையார், என் வயதுதான் இருக்கும். என் கணவர் யாராவது தெரிந்தவர்கள் இருந்துவிடப் போகிறார்கள் என்று தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். கூடம் முழுக்க ஆட்கள். மெத்தையில் இரண்டு பேர், சக்கரத்தில் ஒருவர், கம்பிகளின் நடுவே நாற்காலியில் நான்.

தினமும் இவ்வளவு பேரா என்று அந்த அம்மையார் கேட்டார். சர்மாஜி நிமிர்ந்து, சில நாள் இதைவிட அதிகம், மதியம் பூட்டிவிடுகிறேன், ஆள் இல்லை என்றார்.

அந்த அம்மையார் கெட்டவர் இல்லை. பொறுமையாகத்தான் சொன்னார்: "கருவிகளோடு நோயாளிகளும் அங்கே போகலாமே. அங்கே வசதி அதிகம்."

எனக்குச் சுருக்கென்று ஏறியது. "இந்தக் காலோடு இரண்டு பஸ் மாறிப் போகச் சொல்கிறீர்களா, மேடம்?" என்று கேட்டேன். கேட்டு முடித்த பிறகுதான் கவனித்தேன், நான் நாற்காலியில் இல்லை. எழுந்து நிற்கிறேன். கை கம்பியில் இல்லை, அந்த அம்மையாரை நோக்கி நீட்டியபடி இருக்கிறது.

பூங்கொடி, "அக்கா, நிக்கிறக்கா" என்றாள், மெதுவாக, என்னைப் பயமுறுத்திவிடக் கூடாது என்பது போல. என் கணவர் தூணுக்குப் பின்னாலிருந்து அத்தனை பேர் நடுவே ஓடி வந்தார். முழங்கால்கள் உதறின. ஆனால் மடங்கவில்லை. உள்ளங்காலின் அடியில் தரை இருந்தது. மாதக்கணக்கில் எனக்குத் தரையே இல்லாமல் இருந்தது, இப்போது இருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்த அம்மையார் தன் கையை நீட்டி என்னைப் பிடித்து உட்காரவைத்தார். உட்காரவைத்த பிறகும் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

கோபத்தில் எழுந்து நின்றால் நோய் குணமாகும் என்று இதைப் படிக்கும் யாரும் நினைத்துவிடாதீர்கள். அந்தத் தசைகளை அத்தனை நாளும் நேஹாவும் சர்மாஜியும் பிடித்து வைத்திருந்ததால்தான் கோபத்துக்கு நிற்க ஒரு கால் இருந்தது. சர்மாஜி அன்று மாலை அதைத்தான் சொன்னார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கூடம் மூடப்படவில்லை. நேஹா திரும்பி வந்தாள், அவள் ஒருத்தி மட்டும், அதுவும் நிதியாண்டு முடியும் மார்ச் வரை. மதியமும் திறக்கிறார்கள். பூங்கொடி இப்போது ஒரு டம்ளர் தண்ணீரைத் தூக்கிக் குடிக்கிறாள். ஏப்ரலில் என்ன என்று கேட்டால், நிதி வந்தால் பார்க்கலாம் என்கிறார்கள். நிதி வராமலே நடந்துவிடும் காரியங்கள் எத்தனை இருக்கின்றன என்று பட்டியல் போட என் வாய் ஊறுகிறது, அதை இன்னொரு சமயம் வைத்துக்கொள்கிறேன்.

முன்பெல்லாம் என் உடம்பு ஒரே உடம்பாக, ஒரே நேரத்தில் இருந்தது. இப்போது அப்படி இல்லை. இடது கால் வந்துவிட்டது. வலது முழங்கால் வந்துவிட்டது. கைத்தடியோடு எங்கள் பகுதி முருகன் கோயிலான மலை மந்திர் அடிவாரம்வரை போய் நின்று, மேலே பார்த்துக் கும்பிட்டுவிட்டு வருகிறேன். வலது பாதம் மட்டும் இன்னும் வழியில் இருக்கிறது. அதன் காலக் கணக்கு வேறு. மார்ச் என்றால் அதற்கு என்னவென்று தெரியாது, நானும் அதை அவசரப்படுத்துவதில்லை. ஆனால் அது வந்து சேரும் மதியத்தில் அந்தக் கூடம் திறந்திருக்க வேண்டும். பூட்டியிருந்தால் மறுபடியும் போவேன். இந்தத் தடவை நடந்து போவேன்.