மொசரெல்லாவைப் பிய்த்தவள்

யூரோக் காசு வந்த புதிதில் நான் ஜேர்மனியில், நொய்கெல்ன் பகுதியிலிருந்த ஓர் இத்தாலிய உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தேன். முதலாளி நாப்போலிப் பக்கத்துக்காரர். கடையில் வாங்கும் மொசரெல்லா சீஸ் அவருக்கு ஆகாது. திரைந்த பால்கட்டியைச் சுடுநீரில் போட்டு இழுத்து அங்கேயே செய்ய வேண்டும். அந்தச் சூட்டை என் கைதான் தாங்கியது, கொதிதண்ணீர் விட்டுப் பிட்டுக்கு மாக் குழைத்துப் பழகிய கை அல்லவா. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிடித்து உருண்டை உருண்டையாகப் பிய்த்துப் போடுவேன். இப்படித் துண்டித்து எடுப்பதற்கு இத்தாலிய மொழியில் ‘மொட்சாரே’ என்று சொல்வார்களாம். சீஸின் பெயரே அதிலிருந்துதான் வந்தது என்று முதலாளி ஒருநாள் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

என்னோடு கோப்பை கழுவ ஒரு பிள்ளை இருந்தாள். கலியாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான், அந்தப் பெயர்க் கதையைச் சொன்னதும் நான்தான்.

மேசைகளுக்குப் பரிமாற ஆள் தேவைப்பட்டபோது முதலாளி முதலில் என்னைக் கேட்டார். அந்தக் கேள்விக்காக எத்தனை வருடம் காத்திருந்தேன்! ஆனால் கேட்டவுடனே ஓம் என்றால் அதற்காகவே அலைந்தவள் மாதிரி இருக்காதா? எங்கள் ஆட்கள் வீட்டில் தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டால்கூட முதலில் வேண்டாம் என்றுதானே சொல்வோம். நானும் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றேன். அவர் சரியென்று தலையாட்டிவிட்டு அவளைக் கேட்டார். அவள் உடனே ஓம் என்றாள்.

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் கொட்டித் தீர்த்தேன்.

“வேணுமெண்டால் வேணுமெண்டு சொல்லியிருக்கலாமே. இஞ்சை ஒருக்காத்தான் கேப்பினம்” என்றார்.

அவள் கறுப்புச் சட்டையும் கண்ணில் மையுமாக மேசை மேசையாகப் போய்வந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. நான் சொன்ன கதையையே விருந்தினருக்குச் சொன்னாள், அதுவும் விரலால் பிய்த்துக் காட்டி. திட்டுவதற்காவது ஓர் இடம் வைத்தாளா, அதுவும் இல்லை. ஒருநாள் சாப்பாடு எடுத்துக் கொடுக்கும் ஜன்னலுக்கால் என்னைக் காட்டி ஏதோ சொன்னாள்.

“அக்கா, உங்கடை கையைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறன்.”

விருந்தினர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் ஈரக் கையை உயர்த்திச் சிரித்தேன். பிறகு, அவளுடைய ஜேர்மன் பேச்சில் ஒரு பிழையாவது வராதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றும் வரவில்லை.