மாமாவின் வேன் ஏன் புகைந்தது

1. துபாய்க்கு வேலைக்குப் போன மாமா, தன் பழைய டீசல் வேனைத் தங்கையான என் அம்மாவிடம் விட்டுச் சென்றார்.
2. அப்பா ஓட்டத் தொடங்கியதும், தினமும் காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது வெள்ளைப் புகை வந்தது.
3. ஒர்க்‌ஷாப் அண்ணாச்சி, எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்றார்.
4. அப்பா வேனை விற்க முடிவு செய்தார். வாங்குபவர் வெள்ளிக்கிழமை வருவதாக ஏற்பாடு.
5. அம்மா அப்பாவோடு பேசுவதை நிறுத்தினாள்.
6. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. எனக்குப் பத்து வயது.

அம்பாசமுத்திரத்தில் எங்கள் தெரு குறுகலானது. மார்கழிப் பனியில் புகை மேலே போகாமல் நேராக எதிர்வீட்டுக்குள் நுழையும். அந்த வீட்டு அண்ணாச்சி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வருவார்.

“என்ன சார்வாள், கொசுவுக்கு மருந்தடிக்க முனிசிபாலிட்டிக்காரன் வரவே வேண்டாம் போலிருக்கே.”

அப்பா கணக்கு வாத்தியார். தெருவில் யாரும் அவரைக் கேலி செய்து நான் அதற்குமுன் கேட்டதில்லை.

வெள்ளைப் புகை என்றால் எஞ்சினுக்குள் தண்ணீர் இறங்குகிறது என்பது ஒர்க்‌ஷாப் அண்ணாச்சியின் தீர்ப்பு. அம்மாவின் தீர்ப்பு வேறு. அவள் அதை அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்: “எங்க அண்ணன் முருகனுக்கு ஊதுவத்தி பொருத்தாம ஒருநாளும் வண்டிய எடுத்ததில்ல. இங்கன சாமியக் கண்டாலே ஆவாது.” அப்பா கோயிலுக்குப் போகாதவர். ஏறி உட்கார்ந்த வேகத்தில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் செய்வார்.

நான் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். ரேடியேட்டரில் தண்ணீர் குறையவில்லை. மத்தியானம் எடுத்தால் புகை இல்லை. புகையில் எரியாத பச்சை டீசல் வாடை, கண் எரிகிறது. அப்பாவிடம் காட்டினேன். கையெழுத்து திருந்தியிருக்கிறது என்றார்.

திங்கட்கிழமை சாயங்காலம் மாமா போனில் வந்தார். விற்கும் செய்தி அவரை எட்டியிருந்தது. “எங்கைல ஒருநாளும் அது புகைஞ்சதில்ல மாப்ளே” என்றார். அப்பா போனை என்னிடம் நீட்டினார்.

காலையில் வண்டியை எடுக்கும்போது என்னென்ன செய்வீர்கள், வரிசையாகச் சொல்லுங்கள் என்று மாமாவிடம் கேட்டேன்.

“என்னத்தளா செய்யேன்? ஏறி உக்காருவேன். சாவியப் பாதி திருப்புவேன். ஊதுவத்தி பொருத்தி முருகனுக்கு மூணு சுத்து சுத்துவேன். பொறவு ஸ்டார்ட்டு.”

“சாவிய எதுக்கு மாமா முதல்லயே திருப்பணும்?”

“முருகன் படத்துக்கு மேல செவப்பு பல்பு இருக்குல்லா, சாவியத் திருப்பினாத்தான எரியும்? இருட்டுல சாமி கும்பிடலாமாளா?”

குளிர்ந்த எஞ்சின் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் கிடைக்கும். வெள்ளிக்கு முன் மூன்று காலைகள் இருந்தன.

செவ்வாய்: அப்பாவை வற்புறுத்தி மாமா செய்தபடியே செய்யவைத்தேன். சாவியைத் திருப்பி, ஊதுவத்தியை மூன்று சுற்றுச் சுற்றி, ஸ்டார்ட். புகை இல்லை. வாசலில் நின்ற அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பத்து நாளுக்குப் பிறகு அப்பாவிடம் பேசினாள்: “காப்பி ஆறுது, வாங்க.”

புதன்: அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். சாவியைத் திருப்பினோம், ஊதுவத்தி இல்லை. மூன்று சுற்றுக்கு ஆகும் நேரத்துக்கு, இருபதுவரை நான் எண்ணினேன். புகை இல்லை.

வியாழன்: அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். ஊதுவத்தி மூன்று சுற்று, ஆனால் சாவியைத் தொடவில்லை. பிறகு ஒரே திருப்பில் ஸ்டார்ட். எதிர்வீடு மறைந்தது. புகைக்குள்ளிருந்து அண்ணாச்சி இருமிக்கொண்டே எதையோ சொன்னார். அப்பா ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அன்றே என் நோட்டோடு ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். அண்ணாச்சி கடைசிப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு டேஷ்போர்டைக் கழற்றி, கருகிய வேறொரு சின்ன பல்பை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

“ஹீட்டரு, சார்வாள். சாவியத் திருப்பினா எஞ்சின் உள்ள சூடேறும். ஏறி முடியறவரைக்கும் இந்த பல்பு எரியணும். இது போனதால ஒங்களுக்குக் காத்து நிக்கணும்னே தெரியல. நான்லா இதப் பாத்திருக்கணும்.” என் பக்கம் திரும்பி, “ஏளா, நீ இங்கனயே வேலைக்கு வந்துரு” என்றார்.

வாங்குபவரை வரவேண்டாம் என்று அப்பா போனில் சொன்னார். மாமாவுக்கும் அவரே போன் செய்து, “ஒங்க மருமவ கண்டுபிடிச்சிட்டா மச்சான்” என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முருகன் இல்லை, ஹீட்டர்தான் என்பதை அம்மாவிடம் வரிசை எண் போட்டுச் சொல்ல வீட்டுக்கு ஓடப் பார்த்தேன். அப்பா என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“புதன், வியாழன் கதைய அம்மாட்ட சொல்லிக்கிடாத, என்னா.”

ஏன் என்று கேட்டேன். வண்டியில் ஏறு என்றார். இப்படி ஒரு முழு நிரூபணத்தில் பாதியை மறைக்கச் சொல்லும் இவர் என்ன கணக்கு வாத்தியார் என்று எனக்குக் கோபமாக வந்தது.

மறுநாள் காலை அப்பா தானாகவே ஊதுவத்தி எடுத்தார். எதிர்வீட்டு அண்ணாச்சி துண்டோடு தயாராக வந்து, வெறுங்காற்றை மோந்துவிட்டு உள்ளே போனார். அம்மா வாசலில் நின்று வண்டி திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று நான் டீசல் எஞ்சின் சோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். வேன் ஓடுகிறது, காலையில் புகை இல்லை. போன விடுமுறையில் ஹீட்டர் பிளக்குகளை மாற்றினேன். டேஷ்போர்டு பல்பு சரியாக எரிந்து, சரியாக அணைகிறது. அது அணைந்த பிறகும் அப்பா மூன்றாவது சுற்றை முடித்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்கிறார்.