பேர் வைக்காத பிள்ளை

இன்று மாலை ஆண்டிபட்டி பஸ்ஸில் எங்கள் சபை ஆயரின் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். ஞாயிறு பிரசங்கத்தை முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் செய்கிறவர்.

அவருடைய வெள்ளை அங்கியைப் பார்த்து முன் சீட்டுப் பெண் திரும்பினார்.

"ஐயா, எம் பொம்பளப்பிள்ள ஞானஸ்நானம் எடுக்குறதுக்கு முன்னால எறந்துருச்சு. அதுக்கு மோட்சம் கெடையாதுன்னு மாமியா சொல்றாக. நெசமா?"

ஆயர் வேதாகமக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். வகுப்பு தொடங்கப்போகிறது என்று நினைத்தேன்.

"என்ன பேரு வைக்க நெனச்சீக?" என்று மட்டும் கேட்டார்.

"எஸ்தரு."

"ஆண்டவரும் அதை எஸ்தருன்னுதான் கூப்பிடுறாரு, ஆத்தா."

அந்தப் பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஆயர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமையும் இவ்வளவு போதும் என்று அவரிடம் யார் போய்ச் சொல்வது?