பிளாஸ்டிக் உறை போட்ட சோபா

அந்தப் பட்டறையில் அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. எல்லோருக்கும் அவள் ஓவர்டைம் அக்கா. பள்ளிக்கூடப் பைகளுக்கு ஜிப் தைப்பது அவள் வேலை. மணி அடித்ததும் மற்றவர்கள் மெஷினை மூடிவிட்டுக் கிளம்புவார்கள். இவள் மட்டும் அடுத்த கட்டு ஜிப்பை மடியில் அள்ளிப் போட்டுக்கொள்வாள். உழைக்கிற கட்டைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அவளைக் கேட்டால் உலகத்தில் மற்றவர்கள் எல்லோரும் சோம்பேறிகள்.

அப்படி உழைத்ததில் வீட்டில் எல்லாம் வந்து சேர்ந்திருந்தது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், போன வருடம் ஒரு சோபா. மூன்று பேர் தாராளமாக உட்காரலாம், உட்காரத்தான் ஆளில்லை. மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். புருஷன் ஒரு கிடங்கில் இரவுக் காவல்காரர். அவர் வீட்டுக்கு வரும்போது இவள் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள். இவள் வரும்போது அவர் டார்ச் லைட்டைத் தேடிக்கொண்டிருப்பார். வாசலில் சாவியைக் கைமாற்றிக்கொள்வதுதான் குடித்தனம். கடைக்காரன் போட்டனுப்பிய வெள்ளைப் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றப்படாமல் சோபா பளபளவென்று கிடந்தது.

அடுத்து அவள் கண் வைத்திருந்தது ஏசி மேல். பகலில் தகரக் கூரை அனலாய்க் கொதிக்கிறது, மனுஷன் புரண்டு புரண்டு படுக்கிறார், கண்ணெல்லாம் சிவந்து போகிறது. அவர் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. பாசத்துக்கு ஒன்றும் பஞ்சமில்லை, பாருங்கள்.

இந்த நேரத்தில்தான் முதலாளியம்மா எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்துப் பேசினார். "இந்த வருஷம் ஆர்டர் நல்லா வந்திருக்கு. அதுல உங்களுக்கும் பங்கு வேணும்ல? ஒண்ணு, சம்பளத்தக் கூட்டித் தர்றேன். இல்லன்னா சனிக்கிழமை மத்தியானத்தோட வீட்டுக்குப் போங்க, சம்பளத்துல கை வைக்க மாட்டேன். இந்தச் சனிக்கிழமை அரை நாள் விட்டுப் பாக்குறேன். திங்கட்கிழமை எது வேணும்னு கை தூக்குங்க."

சாப்பாட்டு நேரத்தில் பட்டறை இரண்டுபட்டது. வீட்டோடு இருந்தால்தான் சந்தோஷம் என்று சின்னப் பெண்கள் அரை நாளுக்குக் குதித்தார்கள். ஓவர்டைம் அக்கா பொரிந்து தள்ளிவிட்டாள்.

"சந்தோஷமாம் சந்தோஷம்! அத உலையில போட்டா சோறாகுமாடி? கையில நாலு காசு இருந்தாத்தான் சிரிப்பே வரும்."

பக்கத்து மெஷினில் பக்கிள் தைப்பவள் தலையாட்டினாள். மூன்று பிள்ளைகளைத் தனி ஆளாக வளர்ப்பவள் அவள். "அக்கா சொல்றதுதான் சரி. என் வீட்டுக் கூரை ஒழுகுது. லீவ வச்சு அத அடைக்க முடியுமா?"

சனிக்கிழமை மத்தியானம் பட்டறையைப் பூட்டிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் ஓவர்டைம் அக்கா வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினாள். பனியனோடு வந்து திறந்த புருஷனுக்கு முகம் வெளிறிவிட்டது.

"என்னாச்சும்மா? வேலைய விட்டு நிறுத்திட்டாங்களா?"

"ஐயே, உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா? அரை நாள் லீவு."

"லீவா? உனக்கா?"

"கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளிட்டாங்க, போதுமா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அப்போதுதான் அவள் பார்த்தாள், பக்கவாட்டில் ஒரு பல்லைக் காணோம்.

"ஏங்க, பல்லு எங்க?"

"அது போயி ரெண்டு மாசமாச்சு. சொல்லலாம்னுதான் பாத்தேன், நீ எங்க நின்ன?"

அவளுக்குச் சுருக்கென்றது. சிரித்தால்தான் தெரியும் இடம் அது. அப்படியென்றால் இத்தனை நாளாக இந்த மனுஷன் தன் முன்னால் சிரிக்கவே இல்லையா? சோபாவில் போய் உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் கறகறவென்றது. அவரும் விருந்தாளி மாதிரி ஓரமாக உட்கார்ந்தார்.

"இன்னும் கொஞ்ச நாள்தாங்க. சம்பளம் கூடினா ஏசி வாங்கிடலாம். நீங்க நல்லாத் தூங்கலாம்."

"ஏசி யாரு கேட்டா? சூட்டையாவது தாங்கிக்கலாம். ராத்திரி பூரா தனியா உக்காந்துட்டு வர்றேன், இங்க வந்தாலும் வெறும் வீடு. பேச ஆளில்லாம படுத்தா எப்படிம்மா கண்ணு மூடும்?"

அவள் சட்டென்று எழுந்தாள். "கொஞ்சம் எந்திரிங்க" என்றாள். பையிலிருந்து நூல் வெட்டும் கத்தரியை எடுத்து, பிளாஸ்டிக் உறையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சரசரவென்று கிழித்தாள். சோபாவின் துணி நீல நிறம். வாங்கியவளுக்கே அது மறந்துபோயிருந்தது.

மறுபடி உட்கார்ந்து பட்டறைக் கதையை ஆரம்பித்தாள். யார் யாரோடு சண்டை, யார் பையைத் தலைகீழாகத் தைத்தது என்று அவள் பாதி சொல்வதற்குள் தோளில் பாரம் இறங்கியது. அந்த அனலிலேயே அவர் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை, சம்பளம் வேண்டும் என்பவர்களைக் கேட்டபோது பக்கிள்காரி முதல் ஆளாகக் கை தூக்கினாள். ஓவர்டைம் அக்காவின் கை மடியிலேயே கிடந்தது. "அக்கா, தூக்கு!" என்று பக்கிள்காரி இடித்தாள். அக்கா அசையவில்லை. அரை நாளுக்குக் கேட்டபோதுதான் தூக்கினாள். பட்டறையே வாயைப் பிளந்தது. அரை நாள் ஜெயித்தது.

பக்கிள்காரியின் முகம் செத்துப்போனது. "நீ நல்லா இருக்கக்கா. உனக்கு சோபா இருக்கு, ஃபிரிட்ஜ் இருக்கு, எல்லாம் வாங்கி முடிச்சுட்டு இப்ப சந்தோஷம் தேடுற. எனக்கு என்ன இருக்கு?"

அது நியாயமான கேள்வி.  அக்கா கையிலிருந்த ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள். பிறகு பக்கிள்காரியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முதலாளியம்மா முன்னால் போய் நின்றாள்.

"அம்மா, தெனமும் சாயங்காலம் எனக்குக் குடுக்குற ஓவர்டைம இனிமே இவளுக்குக் குடுங்க. ஜிப்பு வைக்க நான் சொல்லித் தர்றேன். இவ கூரையப் போட்டு முடிச்சதும் இவளயும் வீட்டுக்குத் துரத்திடுங்க."

"அப்ப உன் ஏசி? பட்டறை பூரா சொல்லிட்டிருந்தியே?" என்று முதலாளியம்மா கேட்டார்.

"அவரு அது இல்லாமலே தூங்குறாரும்மா."

பக்கிள்காரி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள். அன்று சாயங்காலமே அவளுக்கு ஓவர்டைம் என்று பெயர் மாறிப்போனது. அக்கா வெறும் அக்காவானாள்.

அடுத்த சனிக்கிழமை நீல சோபாவில் இந்தக் கதையை அவள் புருஷனுக்குச் சொன்னாள். பல் போன இடம் தெரியச் சிரித்தவர், "இனிமே எல்லாச் சனிக்கிழமையும் வருவியா?" என்று கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் தூங்கிப்போனார். அவளுக்குத் தோள் மரத்துவிட்டது. ஆனாலும் நகராமல், "வருவேங்க" என்று மெதுவாகச் சொன்னாள்.