சைகோன்காரர் எடுத்த சுக்கான்

கத்தரிக்காயைக் காம்பைப் பிடித்துத் தூக்கி, காதருகே கொண்டுபோய் ஒருதரம் ஆட்டிப் பார்ப்பார் மரியதாஸ். கத்தரிக்காய்க்குள் அப்படி என்ன சத்தம் கேட்கிறது என்று பாகூர்ச் சந்தையில் யாரும் அவரைக் கேட்டதில்லை. ஆட்டிவிட்டு, "இத வையி, அத எடு" என்பார். கூடைக்காரியும் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுப்பாள். வாங்குகிறவர் வேறு யாராவதாக இருப்பார். பானை, பாய், கறவை மாடு, கல்யாணத்துக்குப் புடவை என்று எதுவானாலும் பிறத்தியாருக்குப் பொறுக்கிக் கொடுப்பதுதான் அவர் தொழில். கூலியில்லாத தொழில்.

நெடுநெடுவென்று உயரம். கஞ்சி போட்டு இஸ்திரி வைத்த வெள்ளைக் கோட்டு. குடை உண்டு, மழைக்கும் விரிக்கமாட்டார், வெயிலுக்கும் விரிக்கமாட்டார், அக்குளில் இடுக்கிக்கொண்டு நடப்பார். பேச்சை "அலோர்" என்றுதான் தொடங்குவார். பிரெஞ்சில் அதற்கு ‘அப்படியானால்’ என்று அர்த்தமாம். மரியதாஸ் வாயில் அதற்கு ‘எல்லோரும் இப்படித் திரும்புங்கள்’ என்று அர்த்தம். திரும்பவும் செய்தார்கள். பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோனில் பல வருஷம் சர்க்கார் வேலை பார்த்து, பென்ஷனோடு கப்பலில் வந்திறங்கிய மனிதர் ஊரில் அவர் ஒருவர்தான்.

சைகோனில் ஆறு இருக்கிறது, ஆறு நிறையப் படகு இருக்கிறது என்று அவர் சொன்னது உண்மை. பாய் விரித்த படகுகள் எதிர்க்காற்றில் எப்படி வளைந்து வளைந்து ஏறும் என்று கையாலேயே காட்டுவார், அதுவும் உண்மை. அந்தப் படகில் தான் இருந்ததாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டவர்கள்தான் அவரைப் படகில் ஏற்றிவைத்தார்கள். அவர் இறங்கவில்லை, அவ்வளவுதான். பட்டாளத்துச் சலவைக் கிடங்கில் துணி எண்ணி அடுக்குவது அவர் உத்தியோகம். கிடங்குக்கு ஆற்றைப் பார்த்து ஒரு ஜன்னல் இருந்தது. இது தெரிந்த இன்னொரு ஜீவன் பாகூரில் உண்டென்றால் அது அவர் மனைவி ரோசம்மாள்.

அந்த வருஷம் ஐப்பசியிலேயே ஏரி நிரம்பிவிட்டது. ஏரி நிரம்பினால் மறுகரைக் குடிசைகளுக்கு வழி அறுந்துபோகும். கரையைச் சுற்றிப் போனால் வாய்க்கால் உடைப்பும் சேறும். காய்ச்சல்காரனுக்கு மருந்து போகாது, பிள்ளை பெறுகிறவளுக்கு மருத்துவச்சி போகமுடியாது. கொம்முன் என்கிற ஊராட்சிக்குத் தலைவரான மேர் இதற்கு ஒரு வழி கண்டார். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார இஞ்சினியரின் சின்னப் பாய்ப்படகு வில்லியனூரில் விலைக்குக் கிடந்தது.

"சைகோன் ஆத்துல கெடந்த மனுஷன் நம்ம ஊர்லயே இருக்கும்போது வேற ஆளு எதுக்கு? நீரே போய்ப் பாத்து எடுத்துக்கினு வாரும்" என்றார் மேர்.

மரியதாஸ் வீட்டுக்கு வந்து கோட்டை மாட்டினார். ரோசம்மாள் பொத்தான் போட்டுவிட்டாள். போடும்போதே, "தெரியாதுன்னு சொல்லிட்டா இன்னா ஆயிடும்?" என்று மெல்லக் கேட்டாள். அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வில்லியனூர் சுல்தான்பேட்டையில் அக்பர் அலிக்கு, சீமைக்குத் திரும்பும் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போகும் சாமான்களை வாங்கி விற்கும் வியாபாரம். இரும்புக் கட்டில்களுக்கும் ரசம் போன நிலைக்கண்ணாடிகளுக்கும் நடுவே கொட்டகையில் படகு கிடந்தது. படகு ஒன்றுதான். அதைத் திருப்புகிற சுக்கான் இரண்டு.

ஒன்று ஒரே பலகை. தேக்கு. மெருகேற்றி, ஓரத்துக்குப் பித்தளைப் பட்டை அடித்து, உருவின வாளைப் போல நீளமாகச் சுவரில் சாத்தியிருந்தது. மற்றது இரண்டு துண்டு. மேல்துண்டு படகோடு நிற்கும்; தண்ணீருக்குள் இருக்கும் கீழ்ப்பலகை ஓர் ஆணியில் ஆடும். பெயிண்டு உரிந்து, ஆணியைச் சுற்றித் துரு கட்டி, ஒரு பழங்கயிறு அதில் தொங்கியது.

"ஏரிக்குன்னா இதத்தாங்க சொல்லுவன்" என்று அக்பர் அலி இரண்டாவதைத் தூக்கிக் காட்டினார். "தர தட்டுச்சின்னா இந்தக் கீழ்ப்பலக தானா பின்னால தூக்கிக்கும். ஆழம் வந்தா கயித்த இழுத்து எறக்கிக்கலாம். முகத்துவாரத்துல மணல்மேடு ஜாஸ்தின்னு அந்த வெள்ளைக்கார முசே சொல்லிச் செஞ்சது. இந்த நீளச் சுக்கான் கடலுக்குப் போறப்ப மாட்டறது."

மரியதாஸுக்கு அது புரிந்தது. புரியவில்லை என்று பிறகு அவர் எத்தனையோ முறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார், பலிக்கவில்லை. தட்டினால் தூக்கிக்கொள்ளும் என்ற ஒரு வார்த்தையில் புரியாமல் போவதற்கு என்ன இருக்கிறது? ஆனால் அக்பர் அலி அதோடு நிறுத்தவில்லை. "நீங்க பாக்காததா? சைகோன்ல எது வெப்பாங்க?" என்று உண்மையான மரியாதையோடு கேட்டுவிட்டார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தவனுக்குப் படகின் மேல்பாதிதான் தெரியும். சுக்கான் தண்ணீருக்குள் இருப்பது.

"அலோர்" என்றார் மரியதாஸ். நீளச் சுக்கானை விரல் முட்டியால் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். "இதான் சுக்கான். அது கால் ஒடிஞ்ச கொக்காட்டம் இருக்குது. அந்த மாதிரி ஒண்ண நான் சைகோன்ல கண்ணால பாத்ததில்ல."

பொய் இல்லை. அக்பர் அலி இரண்டாவது சுக்கானை மறுபடி மூலையில் சாத்தினார்.

படகு ஓட்டக் கடற்கரைக் குப்பத்திலிருந்து தங்கவேல் என்ற ஆளை மேர் வரவழைத்தார். அதிகம் பேசாதவன். கொடுத்த சுக்கானை மாட்டி, கொடுத்த பாயை விரித்து, ஏரியின் ஆழமான நடுப்பகுதியில் ஜோராக ஓட்டினான். கரையில் நின்ற ஜனங்கள் படகைப் பார்த்துவிட்டு மரியதாஸைப் பார்த்தார்கள். பத்து நாள் போல அவர் ரொம்பச் சந்தோஷமாக இருந்தார்.

கார்த்திகையில் ஒரு காலை, மறுகரையிலிருந்து துணியை வீசிக் கூப்பிட்டார்கள். தனக்கொடி என்ற பெண்ணுக்குத் தலைப்பிரசவம், வலி கண்டுவிட்டது. மருத்துவச்சி ஆரோக்கியம் ஓடிவந்து படகில் ஏறினாள். நல்ல காற்று. மரியதாஸ் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பாதி ஏரி தாண்டி, முக்கால் ஏரி தாண்டி, அந்தப் பக்கத்து ஆள் முகம் தெரிகிற தூரத்துக்குப் படகு போனபோது, பாய் சட்டென்று ஒரு பக்கமாக வீசியடித்தது. பிறகு பாயைக் காணவில்லை.

கோடையில் ஏரிக்குள் வெட்டின கருவேல மரத்தின் அடிக்கட்டை அங்கே தண்ணீருக்குள் இருந்தது. சுக்கான் அதில் போய் மாட்டிக்கொண்டது. காற்று படகை முன்னே தள்ள, கட்டை சுக்கானை விடமாட்டேன் என்றது. படகின் பின்பலகை பெயர்ந்து, தண்ணீர் புகுந்து, கவிழ்ந்தது. மார்பளவு தண்ணீர்தான். யாரும் சாகவில்லை. ஆரோக்கியத்தின் முழங்கை மூட்டு நழுவிவிட்டது. தொங்கின கையோடு சேற்றில் விழுந்து எழுந்து அவள் குடிசைக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சிப்பொழுது கடந்திருந்தது. பிள்ளை கால் முன்னால் வந்து, மூச்சில்லாமல் கிடந்தது. தாயை மட்டும் ஒற்றைக் கையால் காப்பாற்றினாள்.

"முன்னாடியே போயிருந்தா பொழச்சிருக்குமா?" என்று ரோசம்மாள் பிற்பாடு அவளைக் கேட்டாள்.

"யாருக்குத் தெரியும்? முன்னாடி போவலயே" என்றாள் ஆரோக்கியம்.

மறுநாள் படகை இழுத்துக் கரையில் போட்டார்கள். ஊரே கூடியது. சுக்கானுக்கு ஒரு கீறல்கூட இல்லை. மெருகு அப்படியே பளபளத்தது. அது மாட்டியிருந்த பின்பலகைதான் ஆணியோடு பிய்ந்து அதில் தொங்கியது. தங்கவேலைச் சுற்றி நின்று ஆளுக்கொன்று சொன்னார்கள். குடித்துவிட்டு ஓட்டியிருப்பான் என்றார்கள். கடல்காரனுக்கு ஏரி என்ன தெரியும் என்றார்கள். அவன் கூட்டத்துக்குள் கண்ணால் தேடி, மரியதாஸைக் கண்டுபிடித்தான்.

"ஐயா, நீங்க தெரிஞ்சவரு. நீங்க சொல்லுங்க. கட்ட தட்டுச்சி. இந்தச் சுக்கான் தட்டினா மேல தூக்குமா?"

எல்லோரும் திரும்பினார்கள்.

"அலோர்" என்றார் மரியதாஸ். "பாத்து ஓட்டியிருக்கணும்பா."

தங்கவேல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தான். இனி வரவேண்டாம் என்று மேர் சொன்னதைக் கேட்க அவன் நிற்கவில்லை.

அன்றைக்கு மரியதாஸ் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். ரோசம்மாள் எதிரே உட்கார்ந்திருந்தாள். அவள் திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நானும் சைகோன்ல இருந்தவதான்" என்றாள். சந்தைக்குப் போனால் இப்போதும் வணக்கம் போட்டார்கள், புடவை பொறுக்கக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு வணக்கமும் யாரோ முதுகில் ஈரத்துணியை வைத்தது மாதிரி இருந்தது. கோயிலில் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே மேர் வீட்டுக்குப் போனார். முற்றத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். "தங்கவேல் மேல தப்பில்ல. சுக்கான எடுத்தவன் நான்தான்" என்றார்.

மேர் சிரித்தார். "பாத்தீங்களாய்யா, பெரிய மனுஷன்னா இப்படித்தான். அந்தக் குடிகாரனுக்காகத் தன் தலையில போட்டுக்கிறாரு" என்றார். பத்துப் பேரும் தலையை ஆட்டினார்கள். ஒருவர் எழுந்து அவருக்கு இடம் விட்டார். உண்மையைச் சொல்லி, வந்ததைவிட உயரமாகிவிட்டார் மரியதாஸ். அப்படியே திரும்பிவிடலாம். சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று என்று ரோசம்மாளிடமும் சொல்லிக்கொள்ளலாம். அந்த எண்ணம் வந்ததும், வந்த வேகத்திலேயே அது தனக்குப் பிடித்திருப்பதும் அவருக்கே தெரிந்தது. காது இரண்டும் சுட்டன.

"நான் படகே ஓட்டினதில்லீங்க" என்றார். குரல் கீச்சென்று வந்தது. "சைகோன்ல சலவக் கிடங்குல இருந்தன். பட்டாளத்துச் சொல்தாங்க துணிய எண்ணி அடுக்கினன். அதான் வேல. அக்பர் அலி ஏரிக்குத் தக்கதத்தான் காட்டினாரு. தூக்கிக்கும்னு வெவரமா சொன்னாரு. எனக்கு வெளங்கவும் செஞ்சுது. பாக்க நல்லா இருக்குதேன்னு இத எடுத்தன்."

முற்றத்தில் யாரோ ஒருவர் மூக்கால் சிரித்தார். இடம் விட்டவர் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

அன்று மாலைக்குள் பாகூருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. மேர் பின்பலகைக்குத் தச்சனை வைத்து, தங்கவேலைத் திரும்பக் கூட்டிவரச் சொன்னார். அக்பர் அலியிடம் மரியதாஸே போனார். கேட்கும் முன்பே அந்தத் துருப்பிடித்த சுக்கானை அக்பர் அலி எடுத்து வந்து கையில் கொடுத்தார். "எப்படியும் தேவப்படும்னு யாருக்கும் குடுக்காம வெச்சிருந்தங்க" என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. மரியதாஸ் அதைத் தோளில் சுமந்துகொண்டு பாகூர்வரை நடந்தே வந்தார்.

குப்பத்தில் தங்கவேல் வலை பிரித்துக்கொண்டிருந்தான், நிமிரவில்லை. "மேர் கூப்பிட்டாரா, நீங்க கூப்பிட்றீங்களா?" என்று கேட்டான்.

"மேர்தான் கூப்பிட்டாரு. நான் உங்கிட்ட தப்பச் சொல்லிக்க வந்தன்."

"ஊர்ல சொல்லிட்டீங்களாம்ல" என்றான். வேலைக்கு வந்தான். அதற்குமேல் இன்றுவரை அவரிடம் ஒரு வார்த்தையும் அதிகம் பேசியதில்லை.

இப்போது அவரைச் ‘சலவை மரியதாஸ்’ என்கிறார்கள், அவர் காதில் விழும்படியே. கோட்டு பெட்டிக்குள் போய்விட்டது. ஏரியில் தண்ணீர் இருக்கிற மாதங்களில் தினம் கரைக்கு வந்து, யாரும் கூப்பிடாமலேயே படகில் ஏறி, பின்னால் உட்கார்ந்து சுக்கான் கயிற்றைப் பிடித்துக்கொள்கிறார். தரை தட்டிக் கீழ்ப்பலகை எழும்பும்போது கயிற்றை விடுவார். ஆழம் வந்ததும் தங்கவேல் முகத்தைப் பார்ப்பார். அவன் தலையசைத்தால்தான் இழுப்பார்.

போன தை மாதத்தில் ஒருநாள், மறுகரையிலிருந்து ஒரு பெண் கூடையோடு படகில் ஏறினாள். நிமிர்ந்து பார்த்த பிறகுதான் அது தனக்கொடி என்று அவருக்குத் தெரிந்தது. இத்தனை நாளும் அவள் ஏறுகிற வேளை பார்த்து அவர் கரையில் நின்றுவிடுவார். அன்றைக்குக் கயிறு கையில் இருந்தது, படகு நகர்ந்துவிட்டது. அவளுக்கு எல்லாம் தெரியும். ஊருக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாமல் இருக்காது. அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். தனக்கொடி கூடையில் மூடியிருந்த துணியை விலக்கி, ஆவி பறக்கும் மல்லாட்டைக் கடலையை ஒரு கை அள்ளி முதலில் தங்கவேலுக்குக் கொடுத்தாள். இன்னொரு கை அள்ளி இந்தப் பக்கம் நீட்டினாள்.

"வேக வெச்சது. சூடா இருக்குது, துண்ணுங்க" என்றாள்.

மரியதாஸ் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். தங்கவேல் தோலை உரித்துத் தண்ணீரில் போட்டபடியே வந்தான். அவர் கையைத் திறக்கவில்லை. உள்ளங்கை சுட்டது. படகு கரை தட்டி, அவள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வரப்பில் மறைகிறவரைக்கும் அந்தக் கையை இறுக மூடியே வைத்திருந்தார்.